யாரிடம் கேட்டார்கள்?

என் பெரியம்மைக்கு ஒரு பக்கம் மார்பு இல்லை என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். அது எப்படி இல்லாமல் போனது என்பதை அவர் வாயால் கேட்க எனக்கு நாற்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.

1986இல் நடந்தது அது. பெரியம்மைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சூட்டுக்கட்டி என்று மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி எட்டு மாதம் வைத்திருந்தார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சின்னதாகக் கீறிப் பார்க்க வேண்டும் என்றார்கள். கண் விழித்தபோது நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. "ஒரு பக்கம் பாரமே இல்ல மக்ளே. நர்சு கிட்ட கேட்டேன். ஒங்க வீட்டுக்காரரு ஒப்பு வச்சாச்சே, ஒங்க கிட்ட சொல்லலியான்னு என்கிட்டயே திருப்பிக் கேட்டா." பெரியப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். அவரிடமும் விளக்கமாக எதுவும் சொல்லப்படவில்லை. உயிர் பிழைக்க வேண்டுமென்றால் போடுங்கள் என்றார்கள், அவர் போட்டார். வீட்டில் அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பெரியம்மை பழைய துணியைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்யாண வீடுகளுக்குப் போய் வந்தார்.

இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்தின் வரலாறு. மார்பகப் புற்றுநோயின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாகவும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் வரலாறாகவும் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். நான் அதை ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்க விரும்புகிறேன்: வெட்டுவதற்கு முன்னால் யாரிடம் கேட்டார்கள்?

*

2019இல் எங்கள் கல்லூரியில் மகளிர் நல முகாம் நடந்தது. ஒருங்கிணைப்பாளர் நான். மாணவிகள் பலரும் வெட்கப்பட்டுப் பின்வாங்கியதால், முன்மாதிரியாக நானே திரைக்குப் பின்னால் போனேன். வந்திருந்த செவிலியர் மூன்று விரல்களின் நடுப்பகுதியால், வட்ட வட்டமாக, அக்குள் வரை அழுத்திப் பார்த்தார். வலப்பக்கத்தில் விரல்கள் நின்றன. திரும்ப வந்தன. மறுபடி நின்றன. "வலிக்குதா மேடம்?" என்றார். வலிக்கவில்லை. வலிக்காமல் இருப்பதுதான் கவலைக்குரியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேமோகிராம் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நான் ஆறு வாரம் போகவில்லை. விடைத்தாள் திருத்தும் பணி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. வீட்டில் இதை எந்தச் சொல்லால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கணவரிடம் "நெஞ்சுப் பக்கம் என்னவோ" என்றேன். அவர் இதயம் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுக்கலாம் என்றார்.

நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். முலை என்ற சொல் சங்கப் பாடல்களில் எவ்வளவு இயல்பாகப் புழங்கியது என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவள். புறநானூற்றில், மகன் போரில் புறமுதுகிட்டிருந்தால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று ஒரு முதியவள் வஞ்சினம் கூறுகிறாள். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண். நற்றிணை, ஒரு முலையை அறுத்துக்கொண்ட திருமாவுண்ணியைப் பற்றிச் சொல்கிறது. கண்ணகியை எல்லோரும் அறிவார்கள். ஆனால் 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது தமிழ் இலக்கிய உலகம் கொதித்தது. அப்போது நான் ஆய்வு மாணவி. அந்தச் சொல்லுக்காக விடுதி அறையில் இரவெல்லாம் வாதாடியிருக்கிறேன். பதினேழு ஆண்டுகள் கழித்து, சொந்த உடம்பில் கட்டி வந்தபோது அதே சொல் என் வாயில் வரவில்லை. பெரியம்மையின் எட்டு மாதத்துக்கும் என் ஆறு வாரத்துக்கும் காரணம் ஒன்றுதான். பெயர் சொல்ல முடியாத உறுப்பில் வரும் நோயை எப்படிச் சொல்வது?

*

மேமோகிராம் என்பது இரண்டு தட்டுகளுக்கு இடையே மார்பை வைத்து அழுத்திப் படம் பிடிப்பது. சில நொடிகள்தான், ஆனால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அல்ட்ராசவுண்ட். பிறகு தடித்த ஊசியால் சதை எடுக்கும் பயாப்சி. பத்து நாளில் அறிக்கை வந்தது. புற்றுநோய். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை. அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சு வீங்கியிருந்தது.

முதலில் போன மருத்துவமனையில் மருத்துவர் அறிக்கையைப் படித்துவிட்டு என் கணவரைப் பார்த்துப் பேசினார். "வயசு நாற்பத்து மூணு. பிள்ளைங்க வளர்ந்தாச்சு. இனிமே எதுக்கு சார் அது? முழுசா எடுத்துடலாம், ரிஸ்க் இல்ல." கணவர் தலையாட்டினார். படிவத்தை அவர் பக்கமாக நகர்த்தினார்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பெண்ணுடல் குறித்து மூன்று கட்டுரைகள் எழுதியவள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. இதைத்தான் எழுதுவதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பயம் வந்தால் படிப்பு முதலில் போய்விடுகிறது.

அன்று இரவு பெரியம்மை வந்தார். வயது எழுபத்தெட்டு. என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இருட்டில், மேலே எழுதிய கதையைச் சொன்னார். கடைசியில் சொன்னார்: "எடுத்ததுக்கு எனக்கு வருத்தம் இல்ல மக்ளே. உயிரு கெடந்துதுல்லா. ஒரு வாக்கு கேட்டிருக்கலாம். நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலை கணவரிடம் சொன்னேன், இன்னொரு மருத்துவரைப் பார்க்க வேண்டும், பேசப்போவது நான் என்று. அவரும் தூங்கியிருக்கவில்லை. அந்தச் சந்திப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த நாட்களில் படிக்க ஆரம்பித்தேன்.

*

1811 செப்டம்பர் 30, பாரிஸ். ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு ஐம்பத்தொன்பது வயது. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே தலைமையில், கறுப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் முன்னறிவிப்பின்றி அவர் அறைக்குள் நுழைந்தார்கள். முகத்தின் மீது ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் கத்தியின் பளபளப்பு தெரிந்தது. முழு நினைவோடு இருக்கும்போதே வலது மார்பை அறுத்தெடுத்தார்கள். மாதக்கணக்கில் நிறுத்தி நிறுத்தி அதைத் தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதினார் பர்னி. அதன் பிறகு இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1840இல் இறந்தார். இந்த அறுவையை, வெட்டப்பட்டவளின் பக்கத்திலிருந்து சொல்லும் மிகப் பழைய விரிவான பதிவுகளுள் ஒன்று அந்தக் கடிதம்.

மயக்க மருந்து வலியைப் போக்கியது. கூடவே நோயாளியின் பேச்சையும் நிறுத்தியது. 1894இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் தன் அறுவை முறையை விளக்கி எழுதினார்: மார்பு, அதன் அடியில் உள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் முடிச்சுகள் என்று எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது. புற்று ஓரிடத்திலிருந்து சுற்றிலும் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவர் எண்ணம். அவரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பெண்கள் பெருத்த கட்டிகளோடுதான் வந்தார்கள். அவர் முறையில் வெட்டிய இடத்தில் மறுபடி கட்டி வருவது குறைந்தது. ஆனால் நெஞ்சு குழிந்துபோன, கை வீங்கிப்போன பெண்கள் தலைமுறை தலைமுறையாக உருவானார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அந்த முறையே கோலோச்சியது.

அதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. கட்டியைச் சோதிக்க மயக்கம் கொடுப்பார்கள். துண்டு ஒன்றை எடுத்து உடனே ஆய்வுக்கு அனுப்புவார்கள். புற்று என்றால், அவள் விழிப்பதற்கு முன்பே மார்பை எடுத்துவிடுவார்கள். சோதனைக்கும் சிகிச்சைக்கும் ஒரே கையெழுத்து. 1974 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கும் இப்படித்தான் நடந்தது. விழிக்கும்போது மார்பு இருக்குமா என்று தெரியாமலேயே அவரும் மயக்கத்துக்குள் போனார்.

அதே ஆண்டு ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்குக் கட்டி வந்தது. முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைச் சொல்லுங்கள், பிறகு நான் தீர்மானிக்கிறேன் என்றார். இதற்கு ஒப்புக்கொள்ளும் மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. மறு ஆண்டே புத்தகம் எழுதினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் இருந்தார். சோதனை வேறு, சிகிச்சை வேறு, இடையில் அந்தப் பெண் விழித்திருக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1990இல் இதே நோயால் குஷ்னர் இறந்தார். வரலாறு அவரைக் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது.

எவ்வளவு வெட்ட வேண்டும் என்ற கேள்விக்கு 1985இல் பதில் வந்தது. பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் 1,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, பொருத்தமானவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பை எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. பெரியம்மையின் அறுவை அதற்கு அடுத்த ஆண்டு. அவர் கட்டியின் அளவுக்கு முழுதாக எடுக்க வேண்டியே இருந்திருக்கலாம். அது வேறு. கேட்காதது வேறு.

இந்தியாவில் இந்தக் கேள்வி சட்டமாகப் பதிய இன்னும் காலம் பிடித்தது. டெல்லியில் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் சோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கி அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக வேறொருவர் சம்மதம் தர முடியாது. பெரியம்மையின் கதையை நீதிபதிகள் கேட்டிருந்தால் இதையேதான் எழுதியிருப்பார்கள்.

நம் ஊரில் வேறொரு வழியிலும் பெண்கள் இந்த வரலாற்றை எழுதினார்கள். முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை மூன்று பதிற்றாண்டுகள் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை அவர் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. பணம் இல்லாதவளும் சிகிச்சைக்கு உரியவள் என்பதை ஒரு கொள்கையாகவே நடத்திக் காட்டினார்கள். கேட்பதற்கு முன்னால், உள்ளே வர ஒரு கதவு வேண்டுமே.

*

இரண்டாவது மருத்துவர் என்னைப் பார்த்துப் பேசினார். ஒரு தாளில் மார்பை வரைந்தார். இரண்டு இடங்களில் புள்ளி வைத்தார். கட்டி ஒன்றல்ல, இரண்டு, வெவ்வேறு பகுதிகளில். கட்டியை மட்டும் எடுக்கும் முறை எனக்குப் பொருந்தாது என்று விளக்கினார். "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. அஞ்சு நாள் எடுத்துக்கலாம், ஒண்ணும் ஆயிடாது" என்றார்.

ஃபிஷரைப் படித்துவிட்டுப் போன எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் சரி என்றேன். படிவத்தில் என் பெயரை எழுதி, நானே கையெழுத்திட்டேன். பெரியம்மைக்கு நடந்த அதே அறுவை ஏறக்குறைய எனக்கும் நடந்தது. கண் விழித்தபோது எனக்கும் ஒரு பக்கம் பாரம் இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று நர்சிடம் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நீர் வடியும் குழாயையும் புட்டியையும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு வாரம். பிறகு கீமோ. முதல் நான்கு முறை சிவப்பு மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாவது வாரம் தலையணையில் முடி. மகள் மொட்டை அடித்துவிட்டாள். வாயெல்லாம் புண், கஞ்சித் தண்ணீரும் இளநீரும்தான் இறங்கின. அடுத்துப் பன்னிரண்டு வாரம் வேறொரு மருந்து. அது விரல் நுனிகளை மரக்க வைத்தது, புடவைக்கு ஊக்குக் குத்த முடியாது. கடைசியாகக் கதிர்வீச்சு. சில நிமிடங்கள்தான், ஆனால் வாரத்தில் ஐந்து நாள் தவறாமல் போக வேண்டும். வெயிலில் நின்றதுபோல் தோல் கறுத்தது.

இப்போது தினமும் ஒரு டாமாக்சிஃபென் மாத்திரை. அதை 1962இல் முதன்முதலில் தயாரித்தவர் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண் வேதியியலாளர். கருத்தடை மருந்தைத் தேடும் ஆய்வில் உருவானது, அதற்குப் பயன்படவில்லை. மார்பகப் புற்றுக்குப் பயன்பட்டது. காலையில் அதை விழுங்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்வேன்.

*

எங்கள் குமரி மாவட்டத்தில் மார்பு தனிப்பட்ட விஷயமாக என்றுமே இருந்ததில்லை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணிவதற்காக 1822 தொடங்கிப் போராடினார்கள். அணிந்தவர்களின் துணியைத் தெருவில் கிழித்தார்கள். 1859இல் வந்த அரசாணை மூடிக்கொள்ள அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்றது. மூடக் கூடாது என்று சொன்னவர்களும், இப்படித்தான் மூட வேண்டும் என்று சொன்னவர்களும் பெண்களைக் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பும் முன் எனக்கும் அறிவுரைகள் வந்தன. செயற்கை மார்பு வைத்துக்கொள், பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றார் ஒரு சக ஆசிரியை. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், 1978இல் மார்பு எடுத்தபின் அது வைக்காமல் மருத்துவரிடம் போனபோது, இப்படி வந்தால் இங்கே மற்றவர்கள் மனம் தளரும் என்று செவிலியர் சொன்னதை எழுதியிருக்கிறார். பார்ப்பவருக்காக மூடு என்பது கடல் தாண்டியும் ஒன்றுதான். நான் சில நாள் வைத்துக்கொள்கிறேன், சில நாள் இல்லை. அன்றன்று தீர்மானிக்கிறேன். பெரியம்மைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "பழந்துணிதான் சொகம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுவும் அவர் தீர்மானம்.

முடிச்சுகளை எடுத்ததால் வலக்கை தூக்க வரவில்லை. சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே ஏற்றும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தேன். அடுப்படிச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு மகள் அளந்தாள். கரும்பலகையின் மேல் வரிசை எட்டிய நாளில்தான் குணமாகிவிட்டேன் என்று நம்பினேன். அன்று எழுதிய தலைப்பு வஞ்சினமாலை. கண்ணகி திருகி எறிந்தது இடப்பக்கம். எனக்குப் போனது வலப்பக்கம். அவளது கோபத்தை இருபது ஆண்டுகள் பாடமாக நடத்தியிருக்கிறேன். அன்றுதான் கவனித்தேன்: அந்த உறுப்பை என்ன செய்வதென்று அவளே தீர்மானித்தாள். அந்த வகுப்பில் முலை என்ற சொல்லைத் தயங்காமல் சொன்னேன். என் அறுவையைப் பற்றியும் ஐந்து நிமிடம் சொன்னேன்.

மாணவிகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 1,50,000க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பைச் சோதித்தார்கள். இருபது ஆண்டு முடிவில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்தவர்களுக்கு இந்தச் சோதனை உண்டு. வலிக்காத கட்டி, தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, அக்குளில் முடிச்சு, இவற்றில் எதைக் கண்டாலும் விடைத்தாள் திருத்தக் காத்திருக்காதீர்கள். கட்டிகளில் பல புற்று அல்ல. அதைச் சொல்லவும் ஒருவர் பார்க்க வேண்டும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் நின்றாள். புத்தகப் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், எங்க அம்மைக்கு முலையில ஒரு கட்டி இருக்கு. ஆறு மாசமா அப்பா கிட்ட சொல்லல்ல. என்கிட்ட மட்டும்தான் சொன்னாவ. நான் போய் அப்பா கிட்ட சொல்லட்டா?"

"மொதல்ல அம்மை கிட்ட கேளு" என்றேன். "நாளைக்கு என்கூட வருவாவளான்னு கேளு."